தடுக்க முடியாத விசையும் அசைக்க முடியாத பாறையும்

(சத்தியவேட்டில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எதனாலும் தடுக்க முடியாத விசை ஒன்று, எதனாலும் அசைக்க முடியாத பொருள் ஒன்றின்மீது மோதினால் என்ன நிகழும்? இது பழைய புதிர். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் ஹான் ஃபெய் இதனை ஒரு கதையாகச் சொன்னார். சூ நாட்டு வணிகன் ஒருவன் வேலும் கேடயமும் விற்றான். தன் கேடயத்தை எந்த வேலும் துளைக்காது என்றான். தன் வேல் எந்தக் கேடயத்தையும் துளைக்கும் என்றான். "உன் வேலால் உன் கேடயத்தைக் குத்தினால் என்ன ஆகும்?" என்று ஒருவர் கேட்டார். வணிகனிடம் விடையில்லை. சீன மொழியில் வேல், கேடயம் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே இன்று முரண்பாட்டைக் குறிக்கிறது. முரண்பாடு குறித்து மாவோ 1937இல் எழுதிய கட்டுரையின் தலைப்பில் இருப்பதும் அச்சொல்லே.

புதிரில் உள்ள பிழை

அத்தகைய வேல் ஒன்று உண்டெனில், அத்தகைய கேடயம் இருக்கவியலாது. கேடயம் உண்டெனில் வேல் இருக்கவியலாது. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டையும் ஒரே உலகில் வைத்துவிட்டுக் கேட்கப்படும் கேள்விக்கு விடை கிடைக்காதது வியப்பன்று. கேள்வியே பிழையானது.

இயற்பியலும் இதையே உரைக்கிறது. விசை என்பது ஒரு பொருள் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் சொத்து அன்று. இரு பொருள்களுக்கு இடையிலான உறவு. ஒன்று தள்ளும்போது மற்றொன்றும் திருப்பித் தள்ளுகிறது. அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மலையும் பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றுகிறது. இயக்கமே பருப்பொருள் நிலவும் முறை, ஓய்வு எப்போதும் சார்புநிலையானது என்று ஏங்கெல்ஸ் விளக்கியதும் இதைத்தான்.

நமக்குள் உலவும் இரு பிழைகள்

இப்புதிர் நம் அரசியலுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. "வரலாறு நம் பக்கம், சோசலிசம் வந்தே தீரும்" என்று கூறிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பவர், இயக்கத்தைத் தடுக்க முடியாத விசையாகக் கருதுகிறார். "பன்னாட்டு மூலதனத்தை எதிர்த்து நம்மால் என்ன செய்ய இயலும்?" என்று பெருமூச்சு விடுபவர், மூலதனத்தை அசைக்க முடியாத பாறையாகக் கருதுகிறார். முன்னவர் நம்பிக்கையாளர்போலவும் பின்னவர் நடைமுறையாளர்போலவும் தோன்றுவர். இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றே: செயலின்மை. வலிமை உறவில் இருக்கிறது, அவ்வுறவு மாறக்கூடியது என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர்.

37 நாள்கள்

நமக்கு அண்மையில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். தொழிற்சங்கமே கூடாது என்பது சாம்சங் நிறுவனம் தென்கொரியாவில் பல்லாண்டுக்காலம் கடைப்பிடித்த கொள்கை. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரம் ஆலைத் தொழிலாளர்கள் சிஐடியு வழிகாட்டலில் சங்கம் அமைத்தனர். 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன. 37 நாள்களுக்குப் பின் பேச்சுவார்த்தை வழியே வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவு பெற்றது.

பாறை தூளாகிவிட்டதா? இல்லை. அடுத்த மாதமே பணியிடைநீக்கங்களை எதிர்த்துத் தொழிலாளர்கள் மீண்டும் போராட நேர்ந்தது. ஆனால் அசையாது என்று சொல்லப்பட்டது அசைந்தது. தொழிலாளரின் உழைப்பின்றி ஆலை ஓடாது. பாறை நிற்பதே அவர்களது தோளின்மீதுதான்.

நம் வாசலில்

இனி சத்தியவேட்டுக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் சித்தூருடன் இணைந்தன. மொழியைப் பொறுத்தவரை அந்தக் கோடு இன்றும் கேள்விக்குரியதாக இருக்கலாம். மூலதனத்துக்கு அது ஒரு தடையே அன்று. 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி நம் மண்டலத்தையும் தொட்டு விரிந்திருக்கிறது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தது. எல்லைக்கு இப்பால், 2025இல் ஆந்திர அரசு நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்ற வரம்பை 10 ஆக உயர்த்த முடிவெடுத்தது. மூலதனத்தின் நோக்கம் இருபுறமும் ஒன்றே. அங்கே அது பின்வாங்க நேர்ந்தது, இங்கே முன்னேறுகிறது எனில், வேறுபாடு எதிர்த்து நின்ற திரட்சியில் இருக்கிறது.

ஆகவே, எது வெல்லும் என்று ஆரூடம் கேட்பது நம் வேலையன்று. இன்று எந்தப் பக்கம் எவ்வளவு வலிமை இருக்கிறது, அதை மாற்ற நாளை எதைச் செய்வது என்பதே நம் கேள்வி. ஒப்பந்தத் தொழிலாளர் தங்கும் அறைகளுக்கும், ஆலைப் பேருந்துகள் நிற்கும் இடங்களுக்கும் செல்வோம். அங்கே தெலுங்கும் தமிழும் இந்தியும் பேசுவோர் உண்டு. மூன்று மொழியிலும் துண்டறிக்கை எழுதுவோம். ஒரு மணி நேர மிகை உழைப்பு யாருக்குப் போகிறது என்பதை எளிய கணக்காக விளக்குவோம். பாறையின் விரிசல்கள் தொலைவிலிருந்து பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, தோழர்களே. அருகில் சென்று கை வைப்பவருக்கே அவை தெரியும்.