செய்தி தண்ணீருக்கு முன்னே ஓட வேண்டும்

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவினர் அளித்த உரை)



எங்களைச் சந்திக்கும்போது மருந்துகளைப் பற்றி விசாரிக்கிறீர்கள், கருவிகளைப் பற்றி விசாரிக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிரசவ அறையானாலும், டயாலிசிஸ் ஆனாலும், அறுவைச் சிகிச்சைக்கு முன் கை கழுவுவதானாலும், நல்ல தண்ணீர் இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே இன்று ஓர் ஆற்றைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரம் சார்ல்ஸ்டன். அங்கே எல்க் என்ற ஆறு கனாவா ஆற்றில் கலக்கிறது. 2014 ஜனவரி 9 காலையில், காற்றில் அதிமதுர வாசனை வீசுவதாக மக்கள் புகார் செய்தார்கள். அதிகாரிகள் தேடிப் போனபோது, ஆற்றங்கரைக் கிடங்கில் ஒரு தொட்டி ஓட்டையாகி, நிலக்கரி கழுவப் பயன்படும் எம்.சி.எச்.எம். என்னும் இரசாயனம் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. சுமார் 38,000 லிட்டர் கசிந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள்.

குடிநீருக்காக ஆற்றுநீரை எடுக்கும் இடமோ அங்கிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் கீழே இருந்தது. அந்த நிலையத்துக்கு வேறு நீராதாரம் இல்லை. வடிகட்டிகளாலும் தடுக்க முடியவில்லை. மாலையில் உத்தரவு வந்தது: குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், குளிக்காதீர்கள், துவைக்காதீர்கள். கழிப்பறைக்கும் தீயணைப்புக்கும் மட்டுமே அந்தத் தண்ணீர். ஒன்பது மாவட்டங்களில் சுமார் 3 லட்சம் பேருக்கு இந்த நிலை. மருத்துவமனைகளும் விலக்கல்ல. லாரிகளில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று உங்களுக்குச் சொல்லி வருகிறவர்கள் நாங்கள்தான். கிருமிகளுக்கு அது சரி. இப்படிப்பட்ட இரசாயனத்துக்கு அது உதவாது. ஆவி மூச்சில் ஏறவும் கூடும்.

மருத்துவர்களுக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. இந்த இரசாயனம் மனித உடலை என்ன செய்யும் என்பதைப் பற்றி மிகக் குறைவான ஆராய்ச்சியே இருந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை இருக்கலாம் என்று அவசரமாக ஓர் அளவை வகுத்தார்கள். சில நாள் கழித்து, கர்ப்பிணிகள் மட்டும் பாட்டில் தண்ணீர் குடிப்பது நல்லது என்றார்கள். அதே தொட்டியில் வேறொரு இரசாயனமும் கலந்திருந்தது என்பது ஜனவரி 21 அன்றுதான் தெரியவந்தது! அந்த இரண்டு வாரங்களில் குமட்டல், வாந்தி, தோல் தடிப்பு என்று அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களில் 369 பேரின் நோய்க்குறிப்புகளைப் பின்னர் ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் இலேசான உபாதைகளே. ஆயினும், எது உள்ளே போயிற்று என்பதை முழுதாக அறியாமல் நோயாளியின் அருகே நிற்பது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் அறிவோம்.

ஜனவரி 13 முதல் பகுதி பகுதியாகத் தடையை நீக்கினார்கள். வாசனை உடனே போகவில்லை. பலர் வாரக்கணக்கில் குழாய்த் தண்ணீரை நம்பவில்லை.

இப்போது ஆற்றோடு கீழே போவோம். கனாவா ஓஹியோ ஆற்றில் சேருகிறது. அதன் கரையில் சின்சினாட்டி என்ற பெருநகரம் இருக்கிறது. கலங்கல் அங்கே வந்து சேரச் சில நாட்கள் பிடித்தன. செய்தியோ அதற்கு முன்பே வந்துவிட்டது. நகரத்தார் வழியெங்கும் நீரைச் சோதித்து, கலங்கல் நெருங்கியதும் ஆற்றிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தினார்கள்; அது கடந்து போகும்வரை சேமிப்பு நீரைக் கொடுத்தார்கள். அங்கே யாருடைய குழாயும் மூடப்படவில்லை.

ஒரே இரசாயனம்தான். ஓர் ஊருக்கு முன்னறிவிப்பும் இல்லை, சேமிப்பும் இல்லை. மற்ற ஊருக்கு இரண்டும் இருந்தன. தூரம் விஷத்தை நீர்க்கச் செய்தது உண்மை. ஆனாலும் அந்த நாட்களை வீணாக்காதிருந்தது அந்த ஊராரின் ஆயத்தம். 2014 மார்ச்சில் மேற்கு வர்ஜீனியா சட்டமன்றம் இத்தகைய தொட்டிகளைப் பதிவுசெய்து சோதிக்கச் சட்டம் இயற்றியது. மூன்று லட்சம் பேர் தவித்த பிறகே அது வந்தது.

பிரியமானவர்களே, நீங்கள் வீடு திரும்பியதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் குடிநீர் எங்கிருந்து வருகிறது? அதற்கு மேலே என்ன தொழிற்சாலை, என்ன கிடங்கு இருக்கிறது? தண்ணீரில் வேறு வாசனை வந்தால் யாருக்குத் தெரிவிப்பது? சார்ல்ஸ்டனில் முதல் எச்சரிக்கை கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல, சாதாரண ஜனங்களின் மூக்குதான். அவர்கள் பேசாதிருந்தால் இன்னும் எத்தனை பேர் அதைக் குடித்திருப்பார்களோ!