ஏதிலியின் நாவாக நிற்போர்

(தொராண்டோவில், பயிற்சி முடித்த புதிய தமிழ் உரைபெயர்ப்பாளர்க்குச் சான்று வழங்கிய விழாவில் ஆற்றிய உரை)

இன்று சான்று பெறும் புதிய உரைபெயர்ப்பாளர்களே!

ஒருவர் நாவுரையை வேற்றுமொழியார் செவிக்கு உடனுக்குடன் சேர்க்கும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. புதுவையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே காலத்தில் ஆனந்தரங்கர் அப்பணியாற்றினார். 1736 முதல் 1761 வரையிலான அவர்தம் நாட்குறிப்பு இன்றும் நம் கையில் உளது. ஆயின், அன்றைய இருமொழியாளர் ஆட்சிக்கும் வணிகத்துக்கும் வாயாக இருந்தனர். நீங்களோ நோயாளிக்கும் ஏதிலிக்கும் வாயாக நிற்கப் போகின்றீர்கள். உங்கள் பெருமை அதுவே.

1985ஆம் ஆண்டில் கனடாவின் உச்சநயன்மன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. ஏதிலியின் சொல் நம்பத்தக்கதா என்பதே வினாவாகுமிடத்து, அவரை நேரில் கேட்டே முடிவு செய்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. அடுத்த ஆண்டே, 1986 ஆகத்துத் திங்களில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழரை இந்நாட்டு மீனவர் மீட்டனர். அவரைப் போல் வந்தோர்க்கெல்லாம் நாவுரையே வழக்கின் உயிர். அந்நாவுரை தமிழாக இருந்து, கேட்பவர் தமிழறியாராயின், இடைநிற்பவர் நாவிலன்றோ ஒரு குடும்பத்தின் வாழ்வு அடங்கியுள்ளது?

“என் அண்ணனைப் பிடித்துச் சென்றார்கள்” என்கிறாள் ஒரு பெண். அவள் குறிப்பது பெரியப்பா மகனை. நம் உறவுமுறையில் அவனும் அண்ணனே. அதனை உடன்பிறந்தான் என்றே ஆங்கிலத்தில் பெயர்த்துவிட்டால் என்னாகும்? உடன்பிறந்தார் இலர் என்று அவள் படிவத்தில் எழுதிய உண்மை பொய்யாகிவிடும்! அவ்விடத்து நீங்களாக ஒரு முடிவு கட்டலாகாது. “இச்சொல் இருபொருள் தரும், கேட்டுத் தெளிய இசைவு தருக” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வழக்கு நடைபெறும் மொழி விளங்காதவர்க்கும், செவிப்புலன் அற்றவர்க்கும் உரைபெயர்ப்பாளர் துணை உரிமை என்கிறது 1982ஆம் ஆண்டின் உரிமைப் பட்டயம், 14ஆம் பிரிவில். வியத்நாமிய மொழியார் ஒருவர் வழக்கில் உரைபெயர்ப்பாளர் வினாவிடைகளை முழுமையாக உரையாது சுருக்கிச் சொன்னார். 1994இல் உச்சநயன்மன்றம் அவ்வழக்கை மீண்டும் புதிதாக உசாவ ஆணையிட்டது. தொடர்ச்சி, திட்பம், நடுநிலை, திறம், உடனுக்குடன் உரைத்தல் என ஐந்து அளவுகோல்களையும் வகுத்தது. இவ்வைந்தும் உங்கள் ஐம்படைத்தாலி ஆகுக.

தனித்தமிழ் அன்பர்க்கும் ஒரு சொல். யாழ்ப்பாணத்துப் பாட்டி “நாரி உளையுது” என்பாள். முதுகின் அடிப்புறம் நோகிறது என்பது பொருள். தமிழகத்தில் பிறந்த உரைபெயர்ப்பாளர் இதனை அறியாவிடின் மருத்துவர்க்கு நோயிடமே தவறிப்போகும். ஆகவே வட்டாரச் சொற்களைத் தேடித் திரட்டுங்கள். அவளே “பிரசர் குளிசை” என்றாலும் அவள் சொன்ன பொருளையே சேருங்கள். பாட்டியின் தமிழைத் திருத்த மருத்துவமனை இடமன்று. அதற்கு நம் பள்ளிகள் உள்ளன.

அங்ஙனமாயின் நற்றமிழ் எங்கே வேண்டும்? மருத்துவர் வாய்மொழி பாட்டியை அடையும் இடத்தில் வேண்டும். “பயாப்சி” என்று மருத்துவர் கூறியதை அவ்வாறே ஒப்பித்தால் அவள் அறியாமலே தலையசைப்பாள். “உடம்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆய்ந்து பார்த்தல்” என்றால் தெரிந்தே உடன்படுவாள், அல்லது மறுப்பாள். தமிழைத் தூய்மையாகவும் தெளிவாகவும் வைத்திருப்பதன் பயன் இங்கே கண்கூடு.

பெற்றோரே! தாயின் நோயை மருத்துவர்க்கு உரைக்கப் பத்து அகவைச் சிறுமியை அழைத்துச் செல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தாய் மகளிடம் சொல்லக் கூசுவதை மருத்துவர் எவ்வாறு அறிவார்? அக்குழந்தை சுமக்கவியலாத சுமையைச் சுமக்கவன்றோ இவர்கள் பயிற்சி பெற்று வந்துள்ளனர்!

புதிய உரைபெயர்ப்பாளர்களே! கூட்டாதீர், குறைக்காதீர், கேட்டதை வெளியில் உரையாதீர். நும் பணி சிறக்க! நும்மால் நம் மக்கள் துயர் குறைக!