இரத்தமா, சூழ்நிலையா?

(பண்டார் பாரு வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



லயத்தில் ஒரு பிள்ளை மனம் நொந்து, பள்ளிக்கூடம் போகாமல், சோறு இறங்காமல் ஒரு மூலையில் முடங்கிவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "அது அவங்க பாட்டன் காலத்துச் சீக்கு, ரத்தத்திலே வந்தது" என்கிறோம். அத்தோடு விடுகிறோமா? அந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்குகிறோம், கொடுக்கவும் தயங்குகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தம்பிக்கு வந்த நோயைச் சொல்லியே அக்காளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் கலைந்து போயிற்று. பெயர் சொல்ல மாட்டேன். வேறு சிலர், "எல்லாம் தாய் வளர்த்த லட்சணம்" என்று பெற்றவள் தலையில் பாரத்தை ஏற்றுகிறார்கள்.

இந்த இரண்டு பேச்சிலும் எவ்வளவு உண்மை என்பதை விஞ்ஞானிகள் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு ஆராய்ந்து வருகிறார்கள். அந்த முறை வெட்டுக்காரர்களாகிய உங்களுக்கு எளிதில் விளங்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு மரத்தை அறியாதவர் இங்கு யார்? நூறு ஏக்கரில் நின்றாலும் அவற்றின் மேல்மரம் எல்லாம் ஒரே பிறப்பு. விதை மரம் அப்படியன்று. ஒரே தாய் மரத்துக் கொட்டையில் முளைத்தாலும் ஒன்று மங்கு நிறையப் பால் தரும், மற்றொன்று சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விடும்.

ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர் ஒட்டு மரம் போன்றவர்கள். இரு கருவாக உண்டான இரட்டையர் விதை மரம் போன்றவர்கள். அண்ணன் தம்பியைப் போலச் சராசரியாகப் பாதிப் பரம்பரைதான் அவர்களுக்குப் பொது. இரு வகையாரும் ஒரே வீட்டில், ஒரே உலைச் சோற்றில் வளர்கிறவர்கள். ஆகவே மனநோயில் முதல் வகையார் இரண்டாம் வகையாரைவிட எவ்வளவு அதிகமாக ஒத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், பரம்பரையின் பங்கு தெரிந்துவிடும். செக்ரோல் கூட்டிக் கழிப்பது போன்ற கணக்குத்தான்.

2000-ஆம் ஆண்டில் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் மனச்சோர்வு நோயில் பரம்பரையின் பங்கு 37 விழுக்காடு என்று வந்தது. மீதி? அதில் மிகப் பெரும் பகுதி வீட்டிலுள்ள எல்லாருக்கும் பொதுவான வளர்ப்பு அன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேர்வது. ஒருவனைப் பள்ளியில் நையாண்டி செய்தார்கள், இவனைச் செய்யவில்லை, ஒருவனுக்கு வேலை கிடைத்தது, இவனுக்குக் கிடைக்கவில்லை, இப்படிப்பட்டவை. அளவெடுப்பதில் வரும் பிழையும் அதில் அடக்கம். சிறு பிள்ளைகளிடத்தில் வீட்டின் பங்கு சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதுண்டு. ஆனாலும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு துணை நிற்கவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்பீர்கள். சரி, இலங்கைக்கு வாருங்கள். அங்கே 1997-இல் இரட்டையர் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. டாக்டர் அதுல சுமதிபால முதலானோர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியாருடன் சேர்ந்து, கொழும்பு மாவட்டத்தில் சுமார் 4,000 இரட்டையரையும், இரட்டையரல்லாத சுமார் 2,000 பேரையும் விசாரித்தார்கள். பதினைந்து வயது முதல் முதியோர் வரை அதில் இருந்தார்கள். மனச்சோர்வை ஒரு விரிந்த அளவுகோலால் அளந்தபோது, பரம்பரையின் பங்கு பெண்களிடத்தில் 61 விழுக்காடு, ஆண்களிடத்தில் வெறும் 4 விழுக்காடு! ஒரே ஊர், ஒரே ஜனம். அப்படியிருந்தும் இத்தனை தூரம். இரத்தத்தில் எழுதி வைத்த நிலையான எண் என்று இதை யார் சொல்ல முடியும்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 61 விழுக்காடு என்றால் ஒரு பெண்ணின் துயரத்தில் 61 பங்கு இரத்தத்தால் வந்தது என்று அர்த்தமல்ல. ஆளுக்கு ஆள் காணும் வேற்றுமையில்தான் அந்தப் பங்கு. விதை மரக் காடு ஒன்றுக்கு உரம் போடுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று வையுங்கள். எல்லா மரத்திலும் பால் குறையும். ஆயினும் மரத்துக்கு மரம் உள்ள வேற்றுமை முன்போலவே விதையினால்தான் இருக்கும். அதைக் காட்டி, "பால் குறைந்ததற்கு உரம் காரணமல்ல, விதைதான்" என்று துரை சொன்னால் ஏற்போமா? லயம் முழுவதும் ஒரே கூலியில், ஒரே ஒழுகுகிற கூரையின் கீழ் வாழும்போது அந்தக் கஷ்டம் இரட்டையர் கணக்கில் தெரியாமலே போகலாம். தெரியாததனால் அது இல்லையென்று ஆகாது.

நம் நாட்டையே பாருங்கள். 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவரிடம் சுகாதார அமைச்சு நடத்திய கணக்கெடுப்புகளில், உயிரை விட்டுவிடலாமா என்று தீவிரமாக எண்ணியவர்கள் 2012-இல் 7.9 விழுக்காடு, 2017-இல் 10, 2022-இல் 13.1. பத்தாண்டில் ஒரு ஜனத்தின் இரத்தம் மாறிவிடுமா? மாறியது பிள்ளைகள் வாழும் வாழ்வு.

பரம்பரை என்ற சொல்லை முரட்டுத்தனமாகப் பிடித்தவர்கள் செய்த அநியாயமும் உண்டு. 1933-இல் ஹிட்லர் ஆட்சி சட்டம் போட்டு, மனநோயாளர் பலரைப் பிள்ளை பெறாதபடி வலுக்கட்டாயமாக அறுவை செய்தது. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் பாக்குவெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்புகிறோமே, அது எந்த வழி?

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கோர்ட்டுக்கு இழுக்கும் 309-ஆம் பிரிவை 2023-இல் நம் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்து வைக்கத் தேவையில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சீட்டு ஒரு வெள்ளிதான். அங்கே உள்ளதை உள்ளபடி சொன்னால், தேவையானால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை மலாயில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், பெரட்டு முடிந்த பின் ஆபீசுக்கு வாருங்கள். நான் எழுதித் தருகிறேன். பெயரை வெளியில் சொல்ல மாட்டேன்.