பெருவிரல் சாய்வதேன்?



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மோட்டாரில் செல்வோர் அவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். நடந்து செல்வோர்க்கு எண்ணிக்கை மறந்துபோகும். ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும், இறங்குகிறவனுக்கு விரல் நோகும். சரிவில் இறங்கும்போது உடலின் பாரம் பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. முனை குறுகிய பூட்ஸ் அணிந்திருந்தால் ஐந்து விரல்களும் ஆப்பு அறைந்தாற்போல் அந்த முனைக்குள் இறுகிவிடும். அவற்றுள் பெரிதும் துன்புறுவது பெருவிரலே.

பெருவிரலின் அடிமூட்டு பாதத்தின் உட்புறமாகப் புடைத்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டமொன்றில் பழம் பறிக்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் வந்தார். இரு கால்களிலும் அப்புடைப்பு இருந்தது. “ஐயா, இந்த எலும்பு வளர்ந்துகொண்டே போகிறது. கொஞ்சம் சீவி எடுத்துவிடுங்கள்” என்றார். அவர் மட்டுமல்லர், படித்தவர்களும் இவ்வாறே எண்ணுகிறார்கள். “அம்மா, அங்கே எலும்பு வளரவில்லை; இருந்த எலும்பு இடம் மாறியிருக்கிறது” என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்தைக் காட்டிய பிறகே நம்பினார்.

அப்படம் காட்டியதை நேயர்களுக்குச் சொற்களால் காட்ட முயல்கிறேன். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. ஒவ்வொரு விரலுக்கும் பின்னே, பாதத்தின் உள்ளே, ஒரு நீண்ட எலும்பு இருக்கிறது. பெருவிரலும் அதன் பின்னுள்ள முதல் நீண்ட எலும்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைய வேண்டும். இந்நோயில் அந்த நீண்ட எலும்பு தன் அண்டை எலும்பை விட்டு, மற்றக் காலை நோக்கி விலகுகிறது. பெருவிரலோ எதிர்த்திசையில் இரண்டாம் விரலின்மேல் சாய்கிறது. இரண்டும் சந்திக்கும் முழங்கைபோன்ற வளைவுதான் நாம் காணும் புடைப்பு. முதல் இரண்டு நீண்ட எலும்புகளுக்கும் இடையேயுள்ள கோணம் 9 பாகைக்குள்ளும், பெருவிரலின் சாய்வு 15 பாகைக்குள்ளும் இருப்பதையே மருத்துவர்கள் இயல்பு எனக் கொள்கின்றனர்.

இந்நோய்க்கு ‘ஹாலக்ஸ் வால்கஸ்’ என்பது மருத்துவப் பெயர். பெருவிரலின் சாய்வு என்பதே அதன் பொருள். இப்பெயர் விரலை மட்டும் சுட்டி, பின்னே விலகிய எலும்பை மறக்கச் செய்கிறது என்பது என் கருத்து.

ஒருமுறை விலகத் தொடங்கினால் அது ஏன் தானே பெருகுகிறது? அந்த நீண்ட எலும்பின் தலைப்பகுதியில் எந்தத் தசையும் வந்து பற்றுவதில்லை. நார்களும், தலைக்கு அடியில் பட்டாணி அளவில் கிடக்கும் இரு சிற்றெலும்புகளைக் கொண்ட தொட்டிலுமே அதைத் தாங்குகின்றன. எலும்பு நகர்ந்தால் அந்தத் தொட்டிலை விட்டு நழுவுகிறது. சற்றே உருளவும் செய்கிறது. அப்பொழுது பெருவிரலை மடக்கவும் நிமிர்த்தவும் அமைந்த தசைநாண்கள் வில்லின் நாண்போல் ஒருபுறமாக நின்று, ஒவ்வோர் அடியிலும் விரலை மேலும் சாய்க்கின்றன. நடையே நோயை வளர்க்கிறது.

குற்றம் முழுவதும் காலணியுடையதா? அவ்வாறன்று. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வகைப் பாதம் அமைவதை அடிக்கடி காண்கிறோம். எலும்பமைப்பின் பலவீனம் குடும்ப வழியில் வருகிறது. ஆனால் காலணிக்குப் பெரும் பங்கு உண்டு. ஹாங்காங்கில் சீன மக்களிடையே நடத்தி 1958-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இச்சாய்வு இருந்தது. அணியாதோருள் நூற்றில் இருவருக்கே இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்துப் பழைய கல்லறை எலும்புகளை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட செய்தி இன்னும் சுவையானது. கூர்முனைக் காலணி நாகரிகமாக இருந்த பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் நூற்றுக்கு 27 பேரிடம் இக்குறை காணப்பட்டது; அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் 6 பேரிடமே. தென்னிந்தியாவில் வெறுங்காலுடன் நடந்து பழகியவர்களை அளந்து 2009-இல் வெளிவந்த ஆய்வும், அவர்கள் பாதம் முன்புறம் அகன்றிருப்பதையும் உடலின் பாரம் அதில் சீராகப் பரவுவதையும் காட்டிற்று.

ஆகவே செருப்பைக் கழற்றி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்தின் ஈரமண்ணில் கொக்கிப்புழு உண்டு, முள் உண்டு. காலணி வேண்டும், அது பாதத்தின் வடிவில் வேண்டும்.

நோவில்லாத புடைப்பை அறுக்க வேண்டியதில்லை. விரல்களுக்கிடையே வைக்கும் மெத்தைகள் உராய்வையும் நோவையும் குறைக்கும். வளர்ந்தவரின் எலும்பை அவை நேராக்கா. நோவு நடையைத் தடுக்குமானால் அறுவை மருத்துவம் உண்டு. ஆனால் புடைப்பை மட்டும் சீவினால் சாய்வு அப்படியே இருக்கும். புடைப்பும் திரும்ப வரலாம். விலகிய எலும்பை வெட்டி இடம் மாற்றி அமைப்பதே முறை. அந்த நீண்ட எலும்பின் அடிமூட்டு தளர்ந்திருந்தால் அங்கேயே எலும்புகளைப் பொருத்தி இணைப்பதும் உண்டு. லேப்பிடஸ் என்னும் மருத்துவர் 1934-இல் எழுதி விளக்கிய முறை அது. காப்பித் தோட்டத்து அம்மையாருக்கு அறுவை தேவைப்படவில்லை. முனை அகன்ற செருப்பிலேயே நோவு தணிந்தது.

நீரிழிவுள்ளவர்கள் தனியே கவனிக்க வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் புடைப்பின்மேல் செருப்பு உரசிப் புண்ணானாலும் வலி தெரியாது. அப்புண் காலையே இழக்கச் செய்யலாம். இத்தகைய உணர்விழந்த பாதங்களைக் காக்கும் கலையில் வேலூர் முன்னின்றது. 1946-இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மூலகாரணம் அழுத்தமே என்று வற்புறுத்தினார். அவர் பிறந்தது நமக்கு அண்டையிலுள்ள கொல்லிமலையில். அத்தகைய பாதங்களுக்கென வழக்கில் வந்த மென்மையான எம்.சி.ஆர். ரப்பர்ச் செருப்பு இன்று நீரிழிவுள்ளவர்க்கும் பயன்படுகிறது.

காலணி வாங்கப் போகுமுன், மாலை வேளையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு வரையுங்கள். அத்தாளைக் கடைக்கு எடுத்துச் சென்று காலணியை அதன்மேல் வையுங்கள். கோடு வெளியே தெரிந்தால் அந்தக் காலணி உங்களுக்கு உரியதன்று.