ஊதுகருவியில் நாதம் வளர்க்கும் வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிச் சில சொற்கள் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யாம் இசை வித்துவான் அல்லேம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிவரும் எமக்கு, மாலை வேளையில் பாண்டு வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதும் பழக்கம் ஒன்று உண்டு. அப்பழக்கத்தால் அறிந்தவற்றையே ஈண்டுக் கூறத் துணிகின்றோம். இதற்கு ஒரு காரணமும் உளது. நம் சங்கத்து அலமாரியில் இரண்டு டிராம்போன்கள் உறங்குகின்றன. அவற்றைக் கற்கத் தொடங்கிய பிள்ளைகள் மூவர் ஆறு திங்களுக்குள் கைவிட்டனர். அவர்கள் ஏன் கைவிட்டனர், இனி வருவோர் கைவிடாதிருக்க நாம் செய்யத்தக்கது யாது என்பதே இன்று எம் பொருள்.

டிராம்போன் என்பது இத்தாலிய மொழிச் சொல். பெரிய எக்காளம் என்பது அதன் பொருள். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே இதன் முன்னோடி வழங்கியது. நம் நாட்டிற்கு இராணுவ பாண்டுகளுடன் வந்து, தேவாலயத் திருநாள்களிலும் திருமண ஊர்வலங்களிலும் இடம்பெற்றது. ஏறக்குறைய ஒன்பது அடி நீளமுள்ள பித்தளைக் குழாயை மடக்கி, ஒரு முனையில் கிண்ணம் போன்ற ஊதுவாயும், மறுமுனையில் நாகசுரத்தின் அணசுபோல் விரிந்த வாயும் அமைத்திருப்பார்கள். இடையில் ஒரு குழாயின்மேல் மற்றொரு குழாய் வழுக்கி நகரும். அதனை ஸ்லைடு என்பர்.

இதனை அயல்நாட்டுப் பொருள் என்று ஒதுக்குவார்க்கு ஒன்று கூறுவோம். இப்பாலக்காட்டுச் சீமையின் பஞ்சவாத்தியத்தில் திமிலை, மத்தளம், இடைக்கா, இலத்தாளம் ஆகிய நான்கினோடு ஐந்தாவதாக நிற்பது கொம்பு. மீன மாதத்தில் நெம்மாறை வல்லங்கி வேலைக்குச் சென்றவர்கள் அதன் முழக்கத்தைக் கேட்டிருப்பார்கள். கொம்பில் விரல் வைக்கத் துளை இல்லை. நாணல் சீவாளியும் இல்லை. ஊதுபவனின் உதடே சீவாளி. டிராம்போனிலும் அஃதே. ஆகவே இரண்டும் ஒரு குலத்துக் கருவிகள் என்னலாம். உதடு அதிர்ந்தால் குழாய்க்குள் நிற்கும் காற்று அதிரும். உதட்டின் இறுக்கத்தைச் சிறிது மாற்றினால் ஒரே குழாயில் ஷட்ஜமும், பஞ்சமமும், மேல் ஷட்ஜமும், அதற்கு மேல் அந்தர காந்தாரமும் படிப்படியாக எழும். ஏனைய ஸ்வரங்களுக்காகவே டிராம்போனில் ஸ்லைடு வைத்தார்கள்.

இனி நாதத்திற்கு வருவோம். புதிதாகக் கற்கும் இளைஞனின் முதல் ஆசை உரக்க ஊதுதல். இரண்டாவது ஆசை விரைந்து ஊதுதல். இரண்டும் பின்னர் வரவேண்டியவை. முதலில் வரவேண்டியது மூச்சு. தோளைத் தூக்கி மார்பின் மேற்புறம் மட்டும் நிரப்பும் மூச்சு சில நொடிகளில் தீர்ந்துவிடும். வயிறும் விலாவும் விரியுமாறு ஓசையின்றி இழுத்து, சீராக வெளிவிடுதல் வேண்டும். இச்சீமையில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) அவர்களின் குரலைக் கேட்டவர்கள் அதன் திறந்த கணீரென்ற நாதத்தை இன்றும் புகழ்வார்கள். திறந்த தொண்டையும் நிறைந்த மூச்சும் பாடுவோர்க்கு மட்டும் உரியன அல்ல. ஊதுவோர்க்கும் அவையே முதல்.

அடுத்து உதடு. வாயின் இரு ஓரங்களும் உறுதியாக இருத்தல் வேண்டும். நடுப்பகுதி மென்மையாக அதிர்தல் வேண்டும். மேல் ஸ்தாயியை எட்டுவதற்காக ஊதுவாயைப் பல்லோடு சேர்த்து அழுத்துவோர் பலர். அழுத்தினால் அப்போதைக்கு ஸ்வரம் கிட்டும். ஆனால் உதட்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் மணி நேரத்தில் நாதம் வறண்டுபோகும். இதனைத் திருத்த ஓர் எளிய வழி உண்டு. கருவியினின்று ஊதுவாயை மட்டும் கழற்றி, வண்டு முரலுவதுபோல் அதில் ஊதிப் பழகுதல். தெரிந்த கீர்த்தனை ஒன்றின் பல்லவியை அந்த முரலலிலேயே சுருதி பிசகாமல் ஊத முடியுமானால், கருவியில் பொருத்தியவுடன் நாதம் தானே துலங்கும்.

மூன்றாவது, நீண்ட ஸ்வரம். ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, சிறுகச் சிறுகப் பெருக்கி, மீண்டும் சிறுகச் சிறுகக் குறைத்து ஓய்தல் வேண்டும். ஒலி பெருகும்போது சுருதி ஏறக்கூடாது, குறையும்போது இறங்கக்கூடாது. பக்கத்தில் தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒலித்தல் நன்று. நாள்தோறும் கால் மணி நேரம் இவ்வாறு ஊதுவதும், அதன்பின் ஸ்லைடை அசைக்காமல் உதட்டாலேயே ஷட்ஜ பஞ்சமங்களுக்கிடையே ஏறி இறங்குவதும் நாதத்திற்கு உரமாகும். கேட்பவர்க்கு இது சலிப்பூட்டும் என்பது உண்மையே. சாதகம் என்று நம் முன்னோர் கூறியது இத்தகைய சலிப்பைப் பொறுத்தலையும் உள்ளடக்கியதன்றோ!

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அவர்களை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுரமே பெரிதும் வழங்கிய காலத்தில், நீளம் மிகுந்து சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தை அவர் கைக்கொண்டார். அதனை உருவாக்கியவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கருவி மாறியதால் மட்டும் அவருடைய தோடி உலகப் புகழ் பெறவில்லை. கம்பீரமான தாழ்ந்த நாதத்தை நெடுநேரம் தாங்கும் மூச்சை அவர் ஈட்டியிருந்தார். நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருவி செய்யும் ஊருக்குப் பெருமை வந்தது கண்டு மகிழ்கின்றோம்; ஊதும் பிள்ளைகளும் பெருகினால் அம்மகிழ்ச்சி நிறைவெய்தும்.

நாதம் நிலைத்தபின் கைத்திறனுக்கு வருதல் எளிது. ஸ்லைடுக்கு ஏழு இடங்கள் உண்டு. உள்ளே முழுதும் இழுத்திருப்பது முதல் இடம். வெளியே தள்ளத் தள்ள ஒவ்வோர் இடத்திலும் சுருதி அரைப்படி தாழும். வீணையில் மெட்டு உண்டு. இதிலோ அடையாளமே இல்லை. முதல் இடத்திற்கும் இரண்டாம் இடத்திற்கும் இடைவெளி ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் எனில், ஆறாம் இடத்திற்கும் ஏழாம் இடத்திற்கும் 11 சென்டிமீட்டரை நெருங்கும். ஆகவே கண்ணை நம்பிப் பயனில்லை, செவியே வழிகாட்டி. நடு ஸ்தாயியில் சங்கராபரண ஆரோகணத்தை ஊதுவோர்க்கு இடங்கள் முறையே 1, 3, 1, 3, 1, 2, 2, 1 என அமையும். இவற்றுள்ளும் தைவதத்திற்கு இரண்டாம் இடத்தைவிடச் சற்று உள்ளே இழுத்தல் வேண்டும். இந்நுட்பத்தை நூல் சொல்லும். ஆனால் எத்துணை உள்ளே என்பதைச் செவிதான் சொல்லும்.

ஸ்லைடைக் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் இலேசாகப் பற்றினால் போதும். மணிக்கட்டு தளர்ந்திருக்க வேண்டும். ஒரு ஸ்வரத்தினின்று மறு ஸ்வரத்திற்கு நகரும்போது காற்றை நிறுத்தாமல், நாவால் மட்டும் மென்மையாகத் தொட்டுப் பிரித்தல் வேண்டும். தொடாவிட்டால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இழைந்து வழுக்கும். அவ்வழுக்கலை வேண்டும்போது கமகமாகப் பயன்படுத்தலாம். வேண்டாதபோது அது குற்றம். விரைந்து ஊத விரும்புவோர்க்கு நம் சொற்கட்டே துணை. மேனாட்டார் இரட்டை நாவசைவு என்று கற்பிப்பது நாம் குழந்தைப் பருவத்திலேயே சொல்லும் ‘தகதக’ அன்றி வேறன்று. மிருதங்கச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு இஃது அரிதாகுமோ?

கருவியைப் பேணலும் கற்க வேண்டியதே. ஊதி முடித்ததும் உள்ளே தேங்கிய நீரை வடித்து, ஸ்லைடைத் துடைத்து வைத்தல் வேண்டும். சிறு நசுங்கல் நேர்ந்தாலும் ஸ்லைடு சிக்கும். தேங்காய் எண்ணெய் தடவுவோர் உண்டு, அது வேண்டாம். 24 பாகைக்குக் கீழ்க் குளிர்ந்தால் அவ்வெண்ணெய் உறையத் தொடங்கும். தேவிகுளம், மூணாறு மலைத்தோட்டங்களிலுள்ள நம் உறவினர்கள் இதனை நன்கறிவார்கள். அங்குள்ள குளிரில் குழாயின் காற்றும் குளிர்ந்து சுருதி தாழும்; பாலக்காட்டுக் கோடையில் ஏறும். எனவே எவ்விடத்தும் சிறிது நேரம் மெல்ல ஊதிக் கருவியைச் சூடேற்றிய பின்னரே சுருதி சேர்த்தல் முறை.

இவ்வளவும் சொல்லிவிட்டோம், எனினும் தொடக்கத்தில் எழுப்பிய வினா எஞ்சி நிற்கின்றது. அம்மூன்று பிள்ளைகள் ஏன் கைவிட்டனர்? அவர்களிடம் முயற்சி குறைந்திருக்கவில்லை. நம் குவார்ட்டர்ஸுகளுக்கு இடையே ஒற்றைச் சுவரே உள்ளது. இரவு டியூட்டி முடித்து வந்தவர் பகலில்தான் கண்ணயர முடியும். அவருக்கு அடுத்த வீட்டில் ஒரே ஸ்வரத்தைக் கால் மணி நேரம் ஊதினால் அவர் சினவாதிருப்பாரா? அவர் சினம் நியாயமானது. இரயிலை ஓட்டுபவரும் சிக்னலைக் காப்பவரும் உறங்காவிடில் ஊரே ஆபத்திற்குள்ளாகும். பிள்ளையின் ஆசையும் நியாயமானது. இரண்டு நியாயங்கள் மோதும்போது மெலிந்தது பிள்ளையின் பக்கமே. அடக்கி ஊதிப் பழகியதால் அவர்களுக்கு மூச்சு விரியவில்லை; மூச்சு விரியாமையால் நாதம் வரவில்லை; நாதம் வராமையால் ஆசையும் போயிற்று.

ஆதலின் மூன்று விண்ணப்பங்களை அவைமுன் வைக்கின்றோம். முதலாவது, மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை சங்கத்துக் கூடத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குக. அவ்வேளையில் பள்ளி முடிந்திருக்கும். இரவுப் பணியாளரும் பெரும்பாலும் எழுந்திருப்பர். இரண்டாவது, வீட்டில் ஊதுவாயைக் கொண்டு மட்டும் பத்து நிமிடம் பழகப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இசைவு தருக. அதன் ஒலி சுவரைத் தாண்டி எவரையும் எழுப்பாது. மூன்றாவது, ஓராண்டு முடியும்வரை எப்பிள்ளையையும் ‘சினிமாப் பாட்டு ஒன்று ஊது’ என்று கேளாதிருங்கள். விதை ஊன்றியவன் நாள்தோறும் அதைத் தோண்டிப் பார்ப்பதில்லை.

பிறந்த ஊரை விட்டு வேலைக்காக வந்து வாழும் நமக்கு நிலபுலம் இங்கு இல்லை. குவார்ட்டர்ஸும் ஓய்வுபெறும் நாள்வரை மட்டுமே நம்முடையது. பிள்ளைகளிடம் நாம் விட்டுச் செல்லக்கூடிய செல்வங்களுள் ஒரு கலைப்பயிற்சியும் ஒன்று. கணவாயின் வழியே காற்றுக்குக் குறைவில்லாத ஊர் இது. அக்காற்றை நாதமாக்க நம் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரமும், ஓர் அறையும், அண்டை வீட்டாரின் பொறுமையும் கிடைக்குமாயின், அலமாரியில் உறங்கும் அவ்விரு கருவிகளும் அடுத்த ஆண்டு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தை இம்மேடையில் முழங்கும் என நம்புகின்றோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!