மதியச் சாப்பாட்டில் ஒரு கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையம். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும்தான் எங்கள் ஊரின் அடையாளம். சிமெண்ட் ஆலையில் கல்லையும் களிமண்ணையும் விகிதம் பார்த்துக் கலந்து, சுமார் 1450 டிகிரி சூட்டில் சுடுவார்கள். விகிதம் தப்பினால் சரக்கு தேறாது. அதனால் மாதிரி எடுத்துச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். நம் வயிற்றுக்குள் போகிற கலவையை யார் சோதிக்கிறோம்?

நான் பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் பொறியாளர். நாற்பதைத் தாண்டிய பலர் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை போடுவது அங்கே தினசரிக் காட்சி. "சுகர் இல்லாதவன் யாரு சார்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது.

ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் சொன்னது: காய் 400 கிராம், பழம் 100 கிராம். நம்ம டிபன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். சாதம் நிறைய, சாம்பாரில் இரண்டு முருங்கைத் துண்டு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். அதுவும் உருளைக்கிழங்கு என்றால் உலக நிறுவனத்தின் கணக்கில் சேராது!

இத்தனைக்கும் நம் பக்கம் விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் பேர் பெற்றது. கொள்ளிடக் கரையில் வாழை, வீட்டுக் கொல்லையில் முருங்கை. தெரியாமலும் யாரும் இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற வீட்டில் கீரை ஆய்ந்து கடைய நேரம் ஏது? பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீயோடு வருவது பஜ்ஜி, போண்டா. எது கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் கை எடுக்கும்.

எங்கள் பிரிவில் நாலு பேர் மாதாமாதம் பணம் போட்டு, சீசனுக்குத் தக்க கொய்யா, வாழை, பப்பாளி வாங்கி, தட்டும் கத்தியுமாக மேஜையில் வைக்கிறோம். யாருக்கும் உபதேசம் கிடையாது. நாலரை மணிக்குத் தட்டு காலி! ஜூஸ் வேண்டாம் என்பது மட்டும் எங்கள் விதி. வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும். சுகர் உள்ளவர்கள் எந்தப் பழம், எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் அதிகாரிகளாக உட்காருவீர்கள். 250 பேருக்கு மேல் வேலை செய்த ஆலையில் கேண்டீன் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வழி செய்தது. கேண்டீன் ஒப்பந்தம் உங்கள் மேஜைக்கு வரும்போது, சாப்பாட்டுக்குக் காய் இத்தனை கிராம், வாரம் இரண்டு நாள் கீரை என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கான்கிரீட்டுக்கு விகிதம் எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?