பேழையும் தவளையும்



கொலம்பியா நாட்டின் பசிபிக் கடலோரக் காடுகளில் வாழும் எம்பெரா மக்கள், பொன்னிறத் தவளையொன்றின் முதுகில் அம்பின் நுனியைத் தேய்த்து, அதை ஊதுகுழலில் வைத்து வேட்டையாடினர். அச்செய்தி பரவவே, அமெரிக்கக் கண்டத்துக் காடுகளிலுள்ள ஏறத்தாழ 200 இனங்களுக்கும் ‘அம்பு நஞ்சுத் தவளை’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அம்பையே கண்டறியா. அந்த நஞ்சும் தவளை தானே ஆக்கிக்கொள்வதன்று. காட்டில் அது தின்னும் எறும்பு, சிற்றுண்ணி முதலியவற்றிலிருந்து சேர்ந்தது. கண்ணாடிப் பேழையிலே பிறந்து, பழ ஈக்களைத் தின்று வளர்ந்த தவளையிடம் அது இல்லை. ஆகவே வளர்ப்பவருக்கு இதனால் அச்சமில்லை. அச்சமெல்லாம் தவளைக்குத்தான். இதை நான் என் பிழையால் கற்றேன்.

நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரில் மாணவனாக இருந்தபோது, ‘டிங்டோரியஸ்’ எனப்படும் சாயத் தவளையின் குஞ்சுகள் இரண்டை வாங்கினேன். சூரினாம், பிரெஞ்சு கயானா முதலிய பகுதிகளின் காட்டினம் அது. நீலமும் கருமையும் மஞ்சளும் கலந்த அழகு. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 45 செண்டிமீட்டராக அமைந்த பேழையில் அவற்றை விட்டேன். இளமையில் ஆண், பெண் பிரித்தறிதல் அரிது. வளர்ந்த பின்னர் ஒன்று மற்றொன்றின் மேலேறி அழுத்துவதைக் கண்டு, விளையாட்டென்று மகிழ்ந்தேன். உண்மையில் இரண்டும் பெண்கள்! இவ்வினத்துப் பெண்கள் ஆணுக்காகவும் இடத்துக்காகவும் மல்லாடும். குருதி சிந்தாத போர் அது. தோற்றது சருகுக்குள் ஒடுங்கிற்று, இரையை நாடவில்லை, இடுப்பெலும்பு துருத்தியது. வேறு பேழைக்கு மாற்றினேன். காலம் கடந்துவிட்டது.

பேழையை முதலில் வாங்கிப் பின்னர் தவளையைத் தேடுவது தலைகீழ் முறை. வெனிசுவேலாவின் ‘லியூகோமெலாஸ்’ தவளைகள் நான்கைந்து கூடி வாழப் பெரும்பாலும் இசையும். சாயத் தவளைக்கு ஓர் இணையே போதும், அதற்கும் பரந்த தரை வேண்டும். இரண்டு செண்டிமீட்டரே உள்ள ‘ரானிடோமேயா’ பேரினத் தவளையோ மரமேறி. உயரமும், இலையிடுக்கில் நீர் தேங்கும் அன்னாசிக் குடும்பச் செடிகளும் அதற்குத் தேவை.

அப்படியானால் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆயினும் கீழுள்ளதும் ஏறும், மேலுள்ளதும் இறங்கும். சிறியது இரையிழந்து வாடும். ஒன்றுக்குப் பழகிய நோய்க்கிருமி மற்றொன்றைக் கொல்லக்கூடும். சாயத் தவளையும் லியூகோமெலாஸும் நெருங்கிய உறவினாதலால் கலந்து குஞ்சும் ஈனும். அக்குஞ்சு எந்தக் காட்டுக்கும் உரியதன்று. ஆகவே ஒரு பேழைக்கு ஓரினமே தக்கதென்பது என் கருத்து. வெப்பம் 22 முதல் 26 பாகைக்குள் நிற்கட்டும். 30ஐத் தாண்டினால் எவ்வினமும் தாங்குவது அரிது.

எஞ்சிய பெண்ணுக்குத் துணை தேட எனக்கு ஓராண்டு ஆயிற்று. முதிர்ந்த ஆணின் முன்கால் விரல் நுனிகள் அகன்றிருக்கும். அம்முறை விரல்களைப் பார்த்த பின்னரே வண்ணத்தைப் பார்த்தேன்.